சூடேறினால் நின்றுவிடும் கார்

என் தந்தையார் விட்டுச் சென்ற பொருள்களுள் மூன்றை நான் இன்றும் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று கைக்கடிகாரம், மற்றொன்று தமிழ் அகராதி, மூன்றாவது 1988ஆம் ஆண்டில் அவர் வாங்கிய கார். முதலிரண்டும் எனக்கு எத்தொல்லையும் தந்ததில்லை. மூன்றாவது பொருள் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்குத் தந்த தொல்லையையும், அதைத் தீர்க்கப் போன இடத்தில் என் பள்ளியைப் பற்றி நான் அறிய நேர்ந்த ஒன்றையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

காரின் குலப்பெயரைக் கூற நான் விரும்பவில்லை. முப்பது வயதை எட்டிவிட்ட ஒரு வண்டியின் பிணிக்கு அதைச் செய்தவர்களைக் குறை கூறுவது, எழுபது வயதுப் பெரியவரின் முழங்கால் வலிக்கு அவரைப் பெற்ற தாயைக் குறை கூறுவது போன்றதாகும்.

என் வீடு ஈப்போவில் உள்ளது. நான் அப்போது தலைமையாசிரியராக இருந்த தமிழ்ப்பள்ளி, சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருந்தது. பழைய கூட்டரசுச் சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் புறப்படுவேன். பனி மூடிய குன்றுகளுக்கிடையே கார் ஒரு குறையும் இன்றி ஓடும். பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பும்போதுதான் தொல்லை. இருபது, இருபத்தைந்து நிமிடங்கள் ஓடியபின், செமோரை நெருங்கும் வேளையில், எஞ்சின் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலும், உயிர் பெறாது. பின்னால் வரும் லோரிகள் ஒலியெழுப்பும். நானும் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, ஒரு மரநிழலில் நிற்பேன். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல வண்டி கிளம்பிவிடும். வீடு வந்து சேர்ந்த பிறகு யாரிடமேனும் சொன்னால் நம்புவதற்குக்கூட ஒரு சான்று இராது.

முதலில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். நம் நாட்டில் கார் பழுதுபார்ப்பவரைப் போர்மன் என்றே அழைப்பது வழக்கம். அந்தப் போர்மனிடம், "கார் சூடாகி நின்றுவிடுகிறது" என்றேன். அவர் ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டை மாற்றி, 180 வெள்ளி பெற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் செமோரில் கார் நின்றது. இரண்டாவது பட்டறையில், "எண்ணெய் வரவில்லை போலிருக்கிறது" என்றேன். அவர் பெட்ரோல் வடிகட்டியையும் பம்பையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, 320 வெள்ளி பெற்றுக்கொண்டார். அந்த வாரமே மீண்டும் நின்றது. இரண்டு முறையும் காரைக் காலை வேளையில், குளிர்ந்த நிலையில்தான் கொண்டு போய் விட்டேன். இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். கார் அவர்களிடம் மிக நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது.

என் மகன் அதை விற்றுவிடச் சொன்னான். பழைய இரும்புக்கு எடுப்பவர் ஒருவர் 800 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தார். நானும் ஏறக்குறைய இசைந்துவிட்டேன். பள்ளி அலுவலாக மாவட்டக் கல்வி இலாகாவுக்குச் செல்ல வேண்டிய நாளில் நடுச்சாலையில் நின்றுவிட்ட காருக்காக எத்தனை முறைதான் மன்னிப்புக் கேட்பது?

அந்நாள்களில் பள்ளி முடியும் வேளையில் ஒரு பெரியவர் தம் பேத்தியை அழைத்துச் செல்ல மோட்டார் சைக்கிளில் வந்து வாயிலருகே காத்திருப்பார். எழுபதைக் கடந்தவர். பதினாறு வயதில் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, டிராக்டரும் லோரியும் பழுதுபார்த்தே ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு நாள் என் குறையைச் சொன்னேன்.

"கார் சூடாகி நின்றுவிடுகிறது, அண்ணே."

"சூடானதை நீங்கள் பார்த்தீர்களா, ஐயா?"

நான் விழித்தேன்.

"சூடு காட்டும் முள் எங்கே நின்றது?"

"நடுவில்தான்."

"அப்படியென்றால் சூடாகவில்லையே. சரி, நிற்கும்போது எப்படி நிற்கிறது? இருமி இருமி, இழுத்து இழுத்து நிற்கிறதா? அல்லது விளக்கை அணைத்தது போலப் பட்டென்று நிற்கிறதா?"

என்னால் விடை கூற இயலவில்லை. பத்துப் பன்னிரண்டு முறை அந்த எஞ்சின் என் காலடியில் உயிரை விட்டிருக்கிறது. அது எவ்வாறு விட்டது என்பதை நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. நின்றுவிட்டதே என்ற எரிச்சலைத்தான் கவனித்திருந்தேன்.

"ஒரு வாரம் பாருங்கள், ஐயா. பார்த்ததை எழுதுங்கள். நினைத்ததை எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பேத்தியை ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

காரின் கையறைப் பெட்டியில் என் தந்தையாரின் குறிப்பேடு ஒன்று கிடந்தது. அவர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாராகப் பணியாற்றியவர். எஞ்சின் எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய தூரம், டயர் வாங்கிய விலை என ஒவ்வொன்றையும் சாய்ந்த கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். அவர் மறைந்த 2011ஆம் ஆண்டோடு அக்குறிப்பும் நின்றுபோயிருந்தது. ஏழாண்டுகளாகக் காரை ஓட்டிய நான் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. வெற்றுப் பக்கத்தைப் புரட்டி, தேதி, வானிலை, ஓடிய நிமிடம், நின்ற விதம், மீண்டும் கிளம்ப எடுத்த நேரம் எனக் கட்டங்கள் போட்டேன். ஆசிரியர்களுக்குக் கட்டம் போடச் சொல்லித் தர வேண்டியதில்லை அன்றோ!

ஏழு பள்ளி நாள்களில் ஐந்து முறை கார் நின்றது. ஐந்து முறையும் பட்டென்றே நின்றது. இருமலும் இல்லை, இழுப்பும் இல்லை. நல்ல மழை பெய்த இரு நாள்களில் நிற்கவே இல்லை. காலைப் பயணத்தில் ஒருமுறையும் நின்றதில்லை. மீண்டும் கிளம்ப 20 முதல் 35 நிமிடங்கள் ஆயின. முள் எல்லா நாளும் நடுவிலேயே இருந்தது.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பக்கத்தைப் படித்தார். "இதில் 'சூடாகி' என்ற சொல்லே இல்லை. நல்லது" என்றார். மறுநாள் தாமும் உடன் வருவதாகச் சொன்னார். பேத்தியை அழைத்துச் செல்ல மருமகளை வரச் சொல்லிவிட்டு, ஒரு பழைய பிளக், ஒரு துணி, ஒரு போத்தல் தண்ணீர், முள் வைத்த மின்அளவி ஆகியவற்றோடு என் பக்கத்தில் அமர்ந்தார்.

அன்று வெயில் நன்றாகக் காய்ந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக என் கார் நிற்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். செமோருக்குச் சற்று முன்பாக, இருபத்து மூன்றாம் நிமிடத்தில் அது என் வேண்டுதலுக்குச் செவி சாய்த்தது.

பெரியவர் விரையவில்லை. முதலில் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து காது கொடுத்தார். மூடியில் காற்றுப் புகும் துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அப்போது மூடியைத் திறந்தால் காற்று உஸ்ஸென்று உள்ளே பாயும். அத்தகைய ஒலி கேட்கவில்லை. அடுத்து, காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி விசைக்கம்பியை அசைத்தார். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்சியது. "எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் ஆவியாகிக் குழாயை அடைத்திருந்தால் எஞ்சின் இருமித்தான் நின்றிருக்கும். உங்கள் ஏடும் அதைத்தான் சொல்கிறது" என்றார். வடிகட்டியின் மூடியைப் பழையபடி பூட்டி, பெட்ரோல் ஆவி கலையும்வரை ஒரு நிமிடம் காத்திருந்தார். அடுத்துத் தீப்பொறியைச் சோதிக்கப் போகிறோம். பெட்ரோலையும் பொறியையும் ஒரே வேளையில் திறந்து வைக்கலாகாது என்று அவர் சொன்னபோது, அறிவியல் கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கைகள் எனக்கு நினைவு வந்தன.

ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றித் தாம் கொண்டுவந்த பழைய பிளக்கில் மாட்டினார். அதை எஞ்சினின் இரும்போடு பொருந்த வைத்துவிட்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் சுழன்றது. பொறி இல்லை. நீலப் பொறியும் இல்லை, மஞ்சள் பொறியும் இல்லை.

அப்போது நான் ஓர் ஆலோசனை கூறினேன். நம்மவர்க்கு ஆலோசனை கூறாமல் இருக்க முடியுமா? பெட்ரோல் பம்பின் மீதும் காயிலின் மீதும் ஈரத்துணியைப் போட்டுக் குளிர வைத்தால் கார் உடனே கிளம்பிவிடும் அல்லவா என்றேன்.

"கிளம்பலாம், ஐயா. ஆனால் இரண்டையும் ஒன்றாக நனைத்தால், எதனால் ஓடியது என்று எப்படித் தெரியும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

காயில் என்பது நாம் நினைப்பது போல் புதிரான பொருளன்று. ஒரு சிறு தகர உருளைக்குள் இரும்புத் தண்டைச் சுற்றி இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த கம்பி. மற்றது பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மயிரிழைக் கம்பி. பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் முதற்சுருளில் ஓடித் திடீரென்று அறுபடும் கணத்தில், இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. அதுதான் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. முப்பதாண்டுகள் எஞ்சினின் அருகே இருந்து வெந்து கொண்டிருந்தால், உள்ளே கம்பியின் இணைப்பு எங்கேனும் விட்டுப்போகிறது. குளிர்ந்திருக்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி உலோகம் விரியும்போது முனைகள் விலகும். மின்னோட்டம் நிற்கும், எஞ்சின் விளக்கணைந்தது போல நிற்கும். மீண்டும் குளிர்ந்தால் முனைகள் கூடும். குளிர்ந்த நிலையில் எவர் சோதித்தாலும் அது நல்ல காயிலே. அந்த இரு போர்மன்களையும் நான் மனத்துக்குள் எத்தனை வசை பாடியிருந்தேன்! கார் நோயுற்றிருந்த வேளையில் அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. நானும் நோயின் குறியைச் சொல்லாமல், என் முடிவையே குறியாகச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன். "சூடாகி" என்ற என் ஒரு சொல்தான் ஒருவரை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டது.

பெரியவர் காயிலின் சிறு கம்பிகளைக் கழற்றிவிட்டு, இரு முனைகளிலும் மின்அளவியை வைத்தார். நல்ல காயிலானால் ஓரிரு ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை. பிறகுதான் துணியை நனைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் நீர் சொட்டாதவாறு நன்றாகப் பிழிந்து, காயிலின் மீது மட்டும் சுற்றினார். பம்பை விரலாலும் தொடவில்லை. ஏழெட்டு நிமிடங்கள் கழிந்தன. முள் துடித்து எழுந்து, ஓரிடத்தில் நிலைத்தது. கம்பிகளை மாட்டிச் சாவியைத் திருப்பினோம். கார் கிளம்பியது.

"இப்போது சொல்லலாம், ஐயா" என்றார் பெரியவர்.

ஈப்போவில் புதிய காயில் 65 வெள்ளிக்குக் கிடைத்தது. தந்தையாரின் குறிப்பேட்டில், அவர் எழுதியிருக்கக்கூடிய முறையிலேயே, தேதியும் தூரமும் விலையும் எழுதினேன். பெரியவர் பணம் பெற மறுத்துவிட்டார். பேத்திக்கு ஓர் அகராதி வாங்கிக் கொடுத்தேன்.

கார்க்கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதப் புகுந்திருக்க மாட்டேன்.

அந்த வாரத்தில் மாணவர் பதிவேடுகளில் கையொப்பமிட்டுக் கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் பக்கத்தில், "காலையில் நன்கு செயல்படுகிறான், வெயில் ஏற ஏறச் சோம்பல் அடைகிறான், கவனமில்லை" என்று வகுப்பாசிரியை எழுதியிருந்தார். அதன் கீழே முந்திய ஆண்டின் குறிப்பும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. அதன் கீழ் என் கையொப்பமும் இருந்தது. சென்ற ஆண்டு அவனை நான் என் அறைக்கு அழைத்துச் சோதித்ததும் நினைவுக்கு வந்தது. காலை எட்டு மணி. அமைதியான அறை. வாசித்தான், கேட்ட வினாக்களுக்கெல்லாம் விடை கூறினான். "இவ்வளவு அறிவு இருந்தும் சோம்பலா?" என்று கடிந்து அனுப்பினேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் 1991ஆம் ஆண்டு சேர்ந்தேன். அன்று தொட்டு, கண்டறி சோதனை, குறைநீக்கல் போதனை என்னும் சொற்களோடு வாழ்ந்து வந்திருக்கிறேன். பயிற்சி ஆசிரியர்களுக்கு அவற்றை விளக்கியும் இருக்கிறேன். வள்ளுவர் மருந்துக்கென வகுத்த அதிகாரத்தில் பிணியின் மூலத்தை ஆராயச் சொல்லும் குறளுக்கு எத்தனை முறை பொருளுரை எழுதிப் போட்டிருப்பேன்! அப்படியிருந்தும், குளிர்ந்த காரைப் போர்மனிடம் விட்டது போலவே, குளிர்ந்த வேளையில் அந்தப் பிள்ளையைச் சோதித்தேன். "சோம்பல்" என்பது கண்ணால் கண்டதன்று. அது ஒரு முடிவு. அதை எழுதியவர் ஆசிரியை. ஏற்றுக் கையொப்பமிட்டவன் நான்.

மறுநாள் பதினொரு மணிக்குக் குறிப்பேட்டோடு அவ்வகுப்பின் பின்வரிசையில் போய் அமர்ந்தேன். தொடர்ந்து நான்கு நாள்கள் சென்றேன். ஆசிரியைக்கு முதல் நாள் சற்று அச்சம், பிறகு பழகிவிட்டார். நான் எழுதியவை இவைதாம். 11.05: எழுதுகிறான். 11.20: புழுக்கம், மாணவர் ஒருவர் மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விடுகிறார். 11.25: ஆசிரியை வினவுகிறார், அவன் பக்கத்து மாணவனின் முகத்தைப் பார்க்கிறான். 11.40: பக்கத்து ஏட்டைப் பார்த்து எழுதுகிறான். 11.55: தலையை மேசையில் சாய்க்கிறான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நிமிடங்கள்தாம் மாறின, வரிசை மாறவில்லை. அவன் அமர்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, அச்சு தேய்ந்த பழைய மின்விசிறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அந்த ஓசைக்குப் பழகிப்போயிருந்தோம்.

அவனை முன்வரிசைக்கு மாற்றுவோமா என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம், இடம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, நான்காம் நாள் 11.40க்கு எழுந்து மின்விசிறியை மட்டும் நிறுத்தினேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஆசிரியை பாடத்தைத் தொடர்ந்தார். அவன் மெல்லத் தலையை நிமிர்த்தினான். அடுத்த வினாவுக்குக் கையை உயர்த்தவில்லை. ஆனால் ஆசிரியை பெயர் சொல்லி அழைத்தபோது விடை கூறினான். விடை சரியாக இருந்தது. நான் மின்விசிறியை மீண்டும் ஓட விட்டேன். சிறிது நேரத்தில் அவன் பார்வை பக்கத்து மாணவனின் முகத்துக்குத் திரும்பிவிட்டது.

அவனுடைய தாயார் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். வரவழைத்துப் பேசினேன். வீட்டில் தொலைக்காட்சியை எப்போதும் சத்தமாக வைப்பான் என்றும், அதற்காகப் பலமுறை அடித்திருப்பதாகவும் சொல்லிவிட்டு, சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். "சளி பிடித்தால் காது வலி என்பான், சார். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன்." அரசு மருத்துவமனையில் பார்த்தபோது இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. அமைதியான இடத்தில் அருகிலிருந்து பேசினால் அவனுக்குக் கேட்கும். இரைச்சலில் சொற்கள் கரைந்துபோகும். மேசையில் தலை சாய்த்தது உறக்கத்தினாலா, பிறர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனதாலா என்பதை அவனிடம் கேட்க எனக்கு நா எழவில்லை.

சிகிச்சை சில மாதங்கள் நீடித்தது. முன்வரிசைக்கு அவனை மாற்றினோம்; மின்விசிறியையும் மாற்றினோம். அவன் முதல் மாணவனாகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவ்வாறு ஆகவில்லை. இரண்டாண்டுகளாகச் செவியில் விழாத பாடங்கள் ஒரு மாதத்தில் வந்து சேருமா? கணிதத்தில் பின்தங்கியே இருந்தான். பதிவேட்டில் எழுதியதை அழிக்க விதி இல்லை. ஆகவே பழைய குறிப்புகளின் கீழே தேதியிட்டு, நான்கு நாள்களில் கண்டவற்றை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

பழைய காயிலை நான் எறிந்துவிடவில்லை. என் மேசைமீது தாள்கள் பறக்காமலிருக்க வைத்திருந்தேன். ஆண்டிறுதியில் ஒருநாள் அந்தப் பையன் ஆசிரியை கொடுத்தனுப்பிய ஏடுகளைக் கொண்டுவந்தான். காயிலைப் பார்த்துவிட்டு, இது என்ன சார் என்றான். கையில் கொடுத்தேன். காதருகே வைத்துக் குலுக்கினான்.

"உள்ளே ஏதோ தண்ணீர் ஆடுகிறது, சார்."

அத்தகைய காயில்களுக்குள் எண்ணெய் ஊற்றி அடைத்திருப்பார்கள் என்று பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வாங்கி நானும் குலுக்கிப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை. எழுந்து என் அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மீண்டும் ஒருமுறை குலுக்கினேன்.